தானாகத் திறந்த பெண்கள் பக்கம்

மகன், உனக்கு என் ஸலாம். சுகமா என்று கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போனில் உன் முகத்தைப் பார்க்கிறேன், கன்னம் உப்பியிருக்கிறது, கட்டாரில் சோறு ஒழுங்காகக் கிடைக்கிறது என்று தெரிகிறது. ஆனால் இப்போது சொல்ல வந்ததைப் போனில் கதைக்க என்னால் முடியாது. நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பாய், நான் அழத் தொடங்குவேன், நடுவில் லைன் அறுந்துபோகும், நீ திரும்ப எடுக்கும்போது நான் மூக்கைச் சிந்திவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவேன். இப்படியே எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. ஆகவே எழுதுகிறேன். நீ லீவில் வந்து இறங்கி, மாப்பிள்ளையாகக் கனமூலைக்குப் போகுமுன் இதை ஒரு தரமாவது ஆறுதலாக இருந்து வாசி.

போன கிழமை உன் மாமியாராக வரப்போகிறவர் வீட்டுக்கு வந்து போனார். வட்டிலப்பம் அவித்துக் கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷி. தேத்தண்ணி குடித்து, தோட்டத்து மிளகாய்ச் செடி கருகிப்போனதைக் கதைத்து, உன் உடுப்பு அளவெல்லாம் கேட்டு, எழும்பிப் போகிற நேரத்தில்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"ராத்தா, மனசில ஒண்டும் எடுக்கப்படாது. கலியாணத்தண்டு பொம்புளப் பக்கம் கமரா வேணாமெண்டு எங்கட ஆக்கள் சொல்லிட்டாங்க. போனெல்லாத்தையும் வாசல்லயே ஒரு கூடையில வாங்கி வெப்பாங்க. நீங்களும் சும்மா கைய வீசிக்கிட்டு வாங்களே. மாப்பிள்ளட உம்மா மாதிரி வாங்க."

"ஓம் ஓம், அதுக்கென்ன" என்றேன். அவர் போன பிறகு வட்டிலப்பத்தை மேசையில் அப்படியே வைத்துவிட்டு, கதிரையில் இருந்துவிட்டேன். கற்பிட்டியிலிருந்து மதுரங்குளி வரைக்கும் எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் பக்கத்தை என் கையால் வீடியோ எடுத்திருக்கிறேன். என் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளையின் கல்யாணத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை உன்னிடம் இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. "அவங்க சொல்றதும் சரிதானே உம்மா. நீங்க கொஞ்சம் கவனமா இருந்திரிக்கணும். ஒரு பாஸ்வேர்ட் அடிக்கிறதுக்கு அவ்வளவு என்ன கஷ்டம்?" என்றாய். "ஓம் மகன், என்ட பிழதான்" என்றேன். இல்லை மகன், அது என் பிழை இல்லை. பாஸ்வேர்ட் அடிக்கத் தேவையில்லாமல் செய்தது நீ. அதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குறை சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. கொஞ்சம் குறைதான் சொல்கிறேன்.

உனக்கு நம் தொழில் தெரியும். ஆனாலும் பிள்ளையாக இருந்து பார்த்தவனுக்கு வீட்டுத் தொழிலின் அருமை புரிவதில்லை, அதனால் திரும்பச் சொல்கிறேன். உன் வாப்பா ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். பள்ளிவாசலில் நிக்காஹ், சாப்பாடு, சஹன் தட்டைச் சுற்றிச் சேர்ந்து உண்ண உட்கார்ந்த கூட்டுப்படம், இதெல்லாம் அவருடையது. மருதோன்றி இரவு, மணப்பெண் உடுப்பு மாற்றுவது, கூட்டாளிமார் அவளைக் கேலி செய்வது, தாய் அறைக்குள் போய் ஒளித்து அழுவது, இதெல்லாம் என்னுடையது. கதவைச் சாத்தியதும் நம் பெண்களுக்கு வேறொரு முகம் வரும். சந்தையில் தலையைக் குனிந்து போகிறவள் அங்கே இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஊரையே நடித்துக் காட்டுவாள். கமராவைக் கண்டதும் யாராவது ஒருத்தி முந்தானையை இழுத்து மூடுவாள். பக்கத்தில் இருப்பவள், "நீங்கண்டா பரவாயில்ல மாமி, எடுங்க" என்பாள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவு காலம் அந்தப் பாரமான கமராவைத் தோளில் சுமந்தேன்.

உன் வாப்பா ஒரு நாளும் பெண்கள் பக்கத்தைப் பார்த்ததில்லை. வெட்டி ஒட்டுகிற வேலையை எனக்குப் பழக்கியது அவர்தான், ஆனால் எப்படிப் பழக்கினார் தெரியுமா? கொம்பியூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "இப்ப அந்தக் கத்தரிக்கோல் மாதிரி இரிக்கிறத அமத்துங்க, சரியா, அமத்தினீங்களா" என்று கேட்பார். நான் அமத்திவிட்டு அமத்தவில்லை என்று சொல்லி அவரை எரிச்சல்படுத்துவேன். ஒரு தரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கு இது தெரியும். அதனால்தான் தில்லையடியில் பெரிய பெரிய ஸ்டூடியோக்கள் வந்த பிறகும், நாட்டில் சண்டை முடிந்து கல்யாணங்களெல்லாம் மண்டபத்துக்கு மாறிய பிறகும், பெண்கள் பக்கத்துக்கு நம் வீட்டைத்தான் தேடி வந்தார்கள்.

பிறகு நீ கொழும்பில் படித்துவிட்டு வந்தாய். வருகிறவர்களின் பென்டிரைவில் எல்லாம் வைரஸ். ஒருவர் படம் கேட்டு வந்து செருகினால் மற்றவர் கல்யாணம் காணாமற்போகும். நீ பழையதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தந்தாய், அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. அதற்கு இன்றைக்கும் உனக்கு துஆ செய்கிறேன். இரண்டு ஹார்ட்டிஸ்க் வைத்தாய், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. முதலில் எந்த டிஸ்க் கண் விழிக்கிறதோ அதற்கு முதல் பெயர் கிடைக்கிற மாதிரி வைத்திருந்தாய். ஒரு நாள் பெண்கள் டிஸ்க் முந்திக்கொண்டு ஆண்களின் இடத்தில் வந்து உட்காரப் பார்த்தது. நல்ல வேளை, அதற்கு என் பாஸ்வேர்ட் பூட்டு இருந்ததால் திறக்கவில்லை. வாப்பா பதறிப்போய் உன்னைக் கூப்பிட்டார். நீ சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறக்கும்போதே ஒரு நீள எண் உண்டு, அது ஒரு நாளும் மாறாது, இனி அதைப் பார்த்துத்தான் உள்ளே விடும் என்று சொல்லி, எஃப்எஸ்டாப் என்கிற அந்த ஃபைலைத் திறந்து காட்டினாய். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி. யார், எந்த ஃபோல்டரில் வந்து அமர வேண்டும், எப்படித் திறக்க வேண்டும், எல்லாம் அந்த ஒரு வரிக்குள். ஆண்கள் வரி தானாகத் திறக்கும். பெண்கள் வரியில் நோ-ஓட்டோ என்று எழுதினாய். ஓட்டோ என்றால் எனக்குத் தெரிந்தது சந்தியில் நிற்கிற முச்சக்கர வண்டிதான், அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். கொம்பியூட்டர் எழும்பும்போது ஆண்கள் ஃபோல்டர் வரும், பெண்கள் வராது. எனக்குத் தேவையான நேரத்தில் நான் கட்டளையை அடித்து, என் பாஸ்வேர்டையும் அடித்தால்தான் திறக்கும். வேலை முடிந்ததும் நானே மூடுவேன். அந்தப் பாஸ்வேர்ட் உன் வாப்பாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. வீட்டுக்குள் இரண்டு அறை இருப்பது போல அது எனக்குச் சரியாகப் பட்டது.

வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு நான் இத்தாவில் இருந்தேன், வெளியில் போக முடியாது, ஆளைப் பார்க்க முடியாது. நீ பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கட்டளையாகப் பழக்கினாய். இல்லாவிட்டால் அந்த மாதங்களில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். நீ கட்டாருக்குப் போன பிறகு, உப்புக் காற்றில் ஆண்கள் டிஸ்க்கின் வயர் பச்சை பூத்து அது செத்துப்போனது. கொம்பியூட்டர் எழும்பாமல் கறுப்புத் திரையில் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றது. நீ போனில் சொல்லச் சொல்ல நான் அந்த வரியில் நோ-ஃபெயில் என்று சேர்த்தேன். "அப்புடிண்டா என்ன மகன்?" என்றேன். "அந்த டிஸ்க் இல்லாட்டியும் மத்ததுகள வெச்சிக்கிட்டு எழும்பு எண்டு சொல்றது உம்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். உன் வாப்பா எடுத்த படங்களில் பாதி அதோடு போய்விட்டது, அதற்கும் அழுதேன், அந்தச் சொல்லுக்கும் அழுதேன். நீ புது டிஸ்க் வாங்கி அனுப்பினாய். நானும் எழும்பினேன்.

இப்போது அந்தக் கரண்ட் வெட்டு வருடத்துக்கு வருகிறேன். நம் மொட்டை மாடியில் நின்றால் மின்நிலையத்தின் புகைக்குழாய் தெரியும், ஆனாலும் நம் வீட்டில் இருட்டு. நேரம் போட்டு வெட்டினார்கள், நேரம் போடாமலும் வெட்டினார்கள். ஒவ்வொரு தரமும் கொம்பியூட்டர் செத்துச் செத்துப் பிழைக்கும். என் கண்ணில் அப்போதுதான் வெண்படலம் எடுத்திருந்தார்கள், எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரியும். பாஸ்வேர்டைப் பிழையாக அடித்து, திரும்ப அடித்து, அதற்குள் கரண்ட் மறுபடி போய்விடும். நீ லீவில் வந்திருந்தாய். நான் ஒரு நாள் கோபத்தில் கீபோர்டைத் தட்டியதைக் கண்டாய். போகிற நாளுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டைக் கடைசியாக ஒரு தரம் அடிக்கச் சொன்னாய். அடிக்கும்போது நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய், அப்படியே உன் வாப்பா. பிறகு பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு திறப்பைக் கொம்பியூட்டருக்குள்ளேயே வைத்து, பெண்கள் வரியில் இருந்த நோ-ஓட்டோவை எடுத்துவிட்டாய்.

"உம்மா, இனி ஒண்டும் அடிக்கத் தேவயில்ல. கரண்ட் வந்தா கொம்பியூட்டர் தானா எழும்பும், ரெண்டு ஃபோல்டரும் தானா வரும்."

"பொம்புளப் பக்கமுமா?"

"வீட்டுக்குள்ள யாரு உம்மா வாரா? எல்லாம் நம்மட ஆக்கள்தானே. நான் அங்க இருந்துக்கிட்டு, உம்மா கண்ணுத் தெரியாமக் கஷ்டப்படுறாவெண்டு நினச்சி நினச்சிச் சாவுறதா?"

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை என் கண்ணை நினைத்திருக்கிறானே என்று உன் தலையைத் தடவினேன். அது அன்பில் செய்த வேலை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

நீ போய்ச் சில மாதங்களில் மாம்புரி ஷிபானாவின் கல்யாணம் வந்தது. சிறு வயதில் உன்னோடு குர்ஆன் மதரஸாவுக்கு வந்த பிள்ளை, உனக்குத் தெரியும். மருதோன்றி இரவில் அவள் போட்ட கூத்து இருக்கிறதே! தன்னைப் பெண் பார்க்க வந்த மாமியார் எப்படி நடந்து வந்தார், எப்படிச் சோற்றைக் கிள்ளிப் பார்த்தார், எப்படித் தன் தலைமுடியைத் தூக்கிப் பார்த்து, "பிள்ள, இது உன்ட முடிதானா" என்று கேட்டார் என்று, முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடித்துக் காட்டினாள். பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, கமரா குலுங்கியது. அதில் ஒரு துளி வஞ்சகம் இல்லை மகன். வேறு வீட்டு ஆளை முதன்முதலாகத் தன் வீட்டுக்குள் எடுக்கப் போகிற பெண்பிள்ளையின் பயம் அது. சிரித்துத் தீர்த்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை சவூதிக்குத் திரும்பிய பிறகு, மாப்பிள்ளை பக்கத்துத் தம்பி ஒருவர் நிக்காஹ் கூட்டுப்படம் கேட்டு பென்டிரைவோடு வந்தார். பின்னேரம். கரண்ட் இல்லை. "வந்ததும் எடுத்துட்டுப் போறன் மாமி" என்றார். வந்த ஆளை முக்காலியில் உட்கார வைப்பதா? வாப்பாவின் மெத்தைக் கதிரையில் உட்காரச் சொன்னேன். அது கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறது, எப்போதும் அங்கேதான் இருந்தது. வந்தவரையெல்லாம் அதில்தான் உட்கார வைப்போம். ஆண்கள் ஃபோல்டரில் வேண்டியதை அவர்களே பார்த்து எடுத்துக்கொள்வதும் நம் வீட்டு வழக்கம்தான். அஸ்ருக்குப் பாங்கு சொன்னது, நான் உள்ளே போய்த் தொழுதேன். ஸுஜூதில் இருக்கும்போது ஃபேன் சுழலத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டதே என்று அந்த நேரத்திலும் மனம் குளிர்ந்தது. தொழுகை முடித்து, துஆ கேட்டு, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. "எடுத்துட்டன் மாமி, வாரன்" என்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை. அவசரமாக்கும் என்று நினைத்து நானே அதைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அந்த மருதோன்றி இரவு வீடியோ முதலில் மாப்பிள்ளை வீட்டு இளைஞர்களின் போனில், பிறகு கடைத்தெருவில், பிறகு கடலுக்குப் போகிற வள்ளங்களில், பிறகு சவூதியில். முடியை அவிழ்த்துப்போட்ட ஷிபானா. பின்னால் என் சிரிப்பு. என் சிரிப்பை வைத்துத்தான் இது யார் எடுத்தது என்று கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண்வீட்டுக்கு வந்து இருக்கிறவர். அவருடைய ஆட்கள் ஒரு சின்ன லொறியோடு வந்து, அவருடைய சூட்கேஸ், அலுமாரி, தொழுகைப் பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமியார் லொறியை விட்டு இறங்கவே இல்லை. ஷிபானா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த மாப்பிள்ளை இன்று வரைக்கும் அவளுடைய போனை எடுக்கவில்லை. விஷயம் காதி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஒருவரைப் பார்த்து நடித்துச் சிரித்ததற்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கை போகுமா என்று நீ கேட்பாய். போகிறது மகன். கண்முன்னால் போகிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து இருவரும் ஷிபானாவின் மாமாமாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். "பொம்புளப் பக்கம் பூட்டித்தானே இருக்கும். யாரு தொறந்து வெச்ச?" என்று கேட்டார்கள். கனமூலைச் சம்பந்தம் அந்தக் கிழமைதான் பேசி முடிந்திருந்தது. என் மகன்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? பெண்கள் டிஸ்க்கில் ஆம்பிளைக் கை பட்டதா, அப்படியென்றால் அவனும் பார்த்திருக்கிறானா, எத்தனை வீட்டுப் பெண்களைப் பார்த்திருக்கிறான்? நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, சொன்னாலும் நம்பாது. "நான்தான் தொறந்து வெச்சிட்டுத் தொழப் போன" என்றேன். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ஷிபானாவின் பெரிய மாமா, "வயசு போனா இந்த வேலைய விட்டிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாக வரத் தொடங்கினார்கள். எங்களுடையதை அழியுங்கள், எங்கள் கண் முன்னால் அழியுங்கள். சிலர் முகம் பார்த்துக் கதைத்தார்கள், சிலர் வாசலில் நின்றே சொன்னார்கள். ஒவ்வொரு கல்யாணமாக அழித்தேன். சிலர் இப்போது உயிரோடு இல்லை மகன், அவர்கள் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அதுதான். அவர்களுடைய பிள்ளைகளே வந்து அழிக்கச் சொன்னார்கள். பிறகு நான் கமரா இல்லாமல் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வாசலில் போன்களுக்குக் கூடை. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, கூரை மூலையைப் பார்க்கிறார்கள், எங்கேயாவது ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று. ஒருத்தியும் நடிக்கவில்லை. மணப்பெண்ணை யாரும் கேலி செய்யவில்லை. நான் உள்ளே வந்ததும் ஒரு பிள்ளை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. உன் கல்யாணமும் இப்படித்தான் இருக்கப்போகிறது. கனமூலைப் பிள்ளை சிரிக்காமல் உட்கார்ந்திருப்பாள், நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ இன்னொரு வீட்டுக்குப் போய் வாழப் போகிறாய். அங்கே ஒரு தாய் இருப்பார், உன் மனைவி இருப்பாள், அவளுடைய தங்கைமார் இருப்பார்கள். உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும், அவர்களுடைய போனையும் டீவியையும் வாசற் கேட்டையும் இலகுவாக்கிக் கொடுக்கப் பார்ப்பாய். ஒரு வேலை கஷ்டமாக இருக்கிறது என்று பார்த்த உடனேயே அதை எடுத்துவிடாதே. அந்தக் கஷ்டம் அங்கே யாருக்காக இருக்கிறது என்று முதலில் கேள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடித்த அந்தப் பாஸ்வேர்ட் எனக்காக இருக்கவில்லை. அது ஷிபானாவுக்காக இருந்தது. நீ என்னைக் கேட்டாய், அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லைதான். வாப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, தெம்பும் இல்லை.

கடைசியாக, முந்தாநாள் காலையில் ஷிபானாவே வந்தாள். கூட யாரும் வரவில்லை. மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போய், கறுப்பு அபாயாவுக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தாள். மெத்தைக் கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. பென்டிரைவை நீட்டி, "என்டத எனக்குத் தாங்க மாமி, தந்துட்டு முழுசா அழிங்க" என்றாள். அவளுடையது மட்டும்தான் மிச்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிறகு அந்த டிஸ்க்கை முழுதாக அழித்தேன். நீ பழக்கிய மாதிரி அந்த ஃபைலைத் திறந்து, பெண்கள் வரிக்கு முன்னால், அந்த வரியைச் செல்லாமல் ஆக்குகிற கட்டம் போட்ட குறியை வைத்தேன். "இந்த வரி இருந்தாத்தான் அது தானா வரும் மகள். இப்ப வராது" என்றேன்.

"நிப்பாட்டிப் போட்டுக் காட்டுங்க."

நிறுத்திப் போட்டேன். ஆண்கள் ஃபோல்டர் மட்டும் வந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்காப் போடுங்க மாமி."

திரும்பப் போட்டேன். ஆண்கள் மட்டும்தான்.

"கரண்டப் புடுங்கிப் போடுங்க."

சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, செருகினேன். கொம்பியூட்டர் தானாக எழும்பியது. ஆண்கள் ஃபோல்டர் வந்தது, பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அவளுடைய பிடி கொஞ்சமும் தளரவில்லை, பென்டிரைவை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள்.

"மாமி, இத தானா வார மாதிரி யாரு செஞ்ச?"

"நான்தான் மகள்."

"நீங்களா?" என்றாள். "நீங்கண்டு தெரிஞ்சித்தானே மாமி நான் அப்புடி ஆடின."

அவ்வளவுதான். ஸலாம் சொல்லாமல் போய்விட்டாள். நான் பிளக்கைத் திரும்பக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

மகன், நான்தான் செய்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய என்னால் ஏலும். என் பேர் போனது போகட்டும், கமராவும் போகட்டும். உன் மாமியார் கூடையை நீட்டினால் என் போனையும் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு உள்ளே போவேன். ஆனால் அந்தப் பிள்ளையின் அந்த ஒரு சொல்லைச் சுமக்க என்னால் ஏலாது. மாம்புரியில் அவளுடைய வீடு உனக்குத் தெரியும், கிடுகு வேலிக்குப் பக்கத்தில் பச்சைக் கேட். நீ வந்திறங்கியதும் அங்கே போ. கல்யாணத்துக்கு முதல் போவதா பிறகு போவதா என்பதை நீயே முடிவெடு. முதலில் போனால் கனமூலைக் காரியம் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது, அவள் அதை வெளியில் சொல்வாளா மாட்டாளா என்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் போ. அவளுடைய உம்மாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அதைத் தானாகத் திறக்கிற மாதிரிச் செய்தது நான்தான், உம்மா இல்லை என்று சொல். மன்னிப்பாள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. கேட்டைத் திறக்காவிட்டால் வெளியில் நின்றாவது சொல்லிவிட்டு வா.

உன் உம்மா